செடி வைத்த மீன் தொட்டிக்கு ஃபில்டர் மீடியா: எதைப் போடுவது, எப்படிப் பழக்குவது, எப்போது கழுவுவது

வளர்ப்பு மீன் கடை அலமாரியில் செராமிக் வளையம், ‘பயோ பால்’ என்ற பிளாஸ்டிக் பந்து, லாவா கல், கண்ணாடித் தூளைச் சுட்டு நுரை போலாக்கிய உருண்டை என்று ஃபில்டர் மீடியா, அதாவது ஃபில்டருக்குள் நிரப்பும் பொருட்கள், வரிசையாக இருக்கும். ஒவ்வொரு டப்பாவிலும் ‘ஒரு லிட்டரில் இத்தனை நூறு சதுர மீட்டர் பரப்பு’ என்று பெரிதாக ஒரு எண். கடைக்காரரும் அதைக் காட்டித்தான் விலை சொல்வார். செடி வைத்த மீன் தொட்டிக்கு அந்த எண்ணைப் பார்த்துப் பணம் செலவழிப்பது வீண் என்பது என் கட்சி. மீன் கழிவை மாற்றும் பாக்டீரியா ஒட்டிக்கொள்ள இடம் கிடைக்காமல் தொட்டி கெட்டுப்போவது அபூர்வம். ஆக்சிஜன் போதாமலோ, ஓட்டம் குறைந்தோ, நாமே குழாயடியில் தேய்த்துக் கழுவியோ கெட்டுப்போவதுதான் அதிகம்.

கீழே சொல்வதெல்லாம் ஒரு சாதாரண இரண்டடித் தொட்டிக்கு. 24×12×15 அங்குலம் என்றால் கணக்குப்படி 70 லிட்டர். மண், கல், மேலே விடும் இடைவெளி போனால் உள்ளே நிற்பது 55 லிட்டர் தண்ணீர். வாலிஸ்னேரியா, ஜாவா ஃபெர்ன், கிரிப்டோகொரைன் என்று எளிதில் வளரும் செடிகள், பத்துப் பன்னிரண்டு கப்பி மீன். பெரிய தொட்டி வைத்திருப்பவர்கள் அளவுகளை அதற்கேற்பக் கூட்டிக்கொள்ளலாம்.

முதலில், உள்ளே என்ன நடக்கிறது

மீன் தன் கழிவு நைட்ரஜனில் பெரும்பகுதியைச் செவுள் வழியாக அம்மோனியாவாக வெளியேற்றுகிறது. தின்னாமல் விட்ட தீவனமும் அழுகும் இலையும் அதையே தருகின்றன. தண்ணீரில் இது இரண்டு வடிவத்தில் இருக்கும்: விஷமான அம்மோனியா, அவ்வளவாகக் கெடுதல் செய்யாத அம்மோனியம். எது எவ்வளவு என்பதைப் பெரும்பாலும் பி.எச்., அதாவது தண்ணீரின் அமில, கார அளவு, தீர்மானிக்கிறது. 25 டிகிரியில் பி.எச். 7 என்றால் மொத்தத்தில் 0.6 சதவீதம்தான் விஷ வடிவம். பி.எச். 8-ல் அது 5 சதவீதம், 9-ல் 36 சதவீதம். ஆகவே அம்மோனியா பார்க்கும் டெஸ்ட் கிட் ஒரே பச்சை நிறத்தைக் காட்டினாலும், கடினமான போர் தண்ணீர்த் தொட்டியும் ஆர்.ஓ. தண்ணீர்த் தொட்டியும் ஒரே ஆபத்தில் இல்லை.

இந்த அம்மோனியாவைப் பாக்டீரியாவில் ஒரு கூட்டம் நைட்ரைட்டாக மாற்றும், இன்னொரு கூட்டம் நைட்ரைட்டை நைட்ரேட்டாக மாற்றும். 1890 வாக்கில் நுண்ணுயிரியலாளர் செர்கெய் வினோகிராட்ஸ்கி இந்த இரண்டு கட்டத்தையும் பிரித்துக் காட்டினார். பழைய மீன் வளர்ப்புக் கையேடுகள் எல்லாம் நைட்ரோசோமோனாஸ், நைட்ரோபாக்டர் என்ற இரண்டு பெயரோடு நிறுத்திக்கொள்ளும். விஷயம் அங்கே நிற்கவில்லை. நன்னீர்த் தொட்டிகளில் நைட்ரைட்டைக் கவனிப்பது நைட்ரோபாக்டர் அல்ல, பெரும்பாலும் நைட்ரோஸ்பைரா என்று 1990-களின் இறுதியில் தெரிந்தது. அம்மோனியா வேலையை பாக்டீரியாவே அல்லாத ஆர்க்கியா என்ற நுண்ணுயிர்கள் பல தொட்டி ஃபில்டர்களில் முன்நின்று செய்கின்றன என்று 2011-ல் ஓர் ஆய்வு காட்டியது. 2015-ல் இரண்டு குழுக்கள் தனித்தனியே, அம்மோனியாவை ஒரே உயிர் நேராக நைட்ரேட் வரை கொண்டுபோவதைக் கண்டுபிடித்தன. அதுவும் ஒருவகை நைட்ரோஸ்பைராதான். அதில் ஒரு குழு அதைப் பிடித்தது மீன் வளர்ப்புப் பண்ணை ஒன்றின் ஃபில்டரில்.

நமக்கு இதில் உதவுகிற சேதி, இவை எல்லாமே மெதுவாகப் பெருகுபவை என்பது. ஈ.கோலை போன்ற பாக்டீரியா நல்ல சூழலில் 20 நிமிடத்துக்கு ஒருமுறை இரட்டிக்கும். இவற்றுக்கு அரை நாள், ஒரு நாள், சிலவற்றுக்கு அதற்கும் மேல். ஒருமுறை அழித்துவிட்டால் வாரக்கணக்கில் காத்திருக்க வேண்டியது அதனால்தான்.

இவை தண்ணீரில் மிதந்து திரிவதில்லை. பயோஃபிலிம் என்ற மெல்லிய வழவழப்பான படலமாக எந்தப் பரப்பிலும் ஒட்டி வாழும். பழைய ஃபில்டரிலிருந்து ஒரு செராமிக் வளையத்தை எடுத்து விரல்களுக்கு நடுவே உருட்டினால் வழுக்கும். லேசான காவி நிறம், மண் வாசனை. அதுதான் நாம் வளர்க்கிற பயிர். கண்ணாடி, கல், மண், இலையின் அடிப்புறம் எல்லாவற்றிலும் இது உண்டு. தண்ணீர் ஓயாமல் கடந்துபோவதால் ஃபில்டரில் அடர்த்தி அதிகம், அவ்வளவுதான். பழைய தொட்டியிலிருந்து ஒரு வாளி தண்ணீர் கொண்டுவந்து ஊற்றினால் புதுத் தொட்டி தயாராகிவிடும் என்பது இதனால்தான் பலிப்பதில்லை.

செடி எங்கே வருகிறது

பெரும்பாலான நீர்ச்செடிகள் நைட்ரேட்டைவிட அம்மோனியத்தையே முதலில் எடுக்கும். நைட்ரேட்டை எடுத்தால் அதைத் திரும்ப அம்மோனியமாக மாற்றச் சக்தி செலவாகும். அம்மோனியம் நேரடி வரவு. அதாவது அடர்த்தியாகச் செடி வைத்த தொட்டியில் பாக்டீரியாவுக்குச் செடியே போட்டியாளர். அங்கே ஃபில்டரில் கூட்டம் குறைவாகத்தான் இருக்கும். தவறொன்றுமில்லை.

சிக்கல் எப்போதென்றால், செடி திடீரென்று வேலையை நிறுத்தும்போது. கிரிப்டோகொரைன் இலை கரைந்து விழுகிற வாரம், பாதிச் செடியை வெட்டி எறிந்த நாள், விளக்கு பழுதாகி நாலு நாள் இருட்டில் கிடந்த தொட்டி. அதுவரை செடி சுமந்ததெல்லாம் ஃபில்டர் தலையில் விழும். கரையும் இலையே கூடுதல் அம்மோனியா வேறு. செடித் தொட்டியில் பயோ மீடியா முக்கியமாக இந்த நாட்களுக்கான காப்பு. மற்ற நாட்களில் ஃபில்டரின் பெரிய உபகாரம் தண்ணீரைச் சுற்றவிடுவதும் தூசு பிடிப்பதும்தான்.

ஒரு சின்னக் கணக்கு

1 கிராம் தீவனம் போடுகிறோம். 40 சதவீதம் புரதம் என்று பாக்கெட்டில் இருக்கிறது. புரதத்தில் சுமார் 16 சதவீதம் நைட்ரஜன். ஆக 64 மி.கி. நைட்ரஜன். ஒரு பங்கு மீனின் உடலாக மாறும். பேச்சுக்கு முழுவதும் அம்மோனியா ஆனதாக வைத்தால், 55 லிட்டரில் லிட்டருக்கு 1.4 மி.கி. அம்மோனியா.

இதை நைட்ரேட்டாக மாற்ற, 1 கிராம் நைட்ரஜனுக்கு 4.57 கிராம் ஆக்சிஜன் வேண்டும். 64 மி.கி.க்கு ஏறக்குறைய 290 மி.கி. நம் ஊர் வெயிலில் தொட்டித் தண்ணீர் 30 டிகிரியில் நிற்கும். அந்தச் சூட்டில் தண்ணீர் அதிகபட்சம் லிட்டருக்கு 7.5 மி.கி. ஆக்சிஜன்தான் பிடிக்கும். 55 லிட்டருக்கு மொத்தமே 412 மி.கி. ஒரு கிராம் தீவனத்தின் அம்மோனியா மட்டும் அதில் முக்கால் பங்குக்குச் சற்றுக் குறைவாகக் கேட்கிறது. மீன் மூச்சு விடுவது, இரவில் செடி மூச்சு விடுவது எல்லாம் தனி. மேற்பரப்பிலிருந்து ஆக்சிஜன் தொடர்ந்து இறங்கிக்கொண்டே இருப்பதால்தான் தொட்டி பிழைக்கிறது. டப்பாவில் போட்ட சதுர மீட்டரை நான் பெரிதாக மதிக்காததற்குக் காரணம் இந்தக் கணக்குதான்.

படி 1: ஃபில்டர்

செடி வளர்ச்சிக்காகக் கார்பன் டை ஆக்சைடு ஏற்றாத தொட்டிக்கு, ஏர் மோட்டாரில் ஓடும் ஸ்பாஞ்ச் ஃபில்டரே போதும். விலை குறைவு, குமிழி மேற்பரப்பைக் கலக்கி ஆக்சிஜன் தரும், குட்டிகளை உறிஞ்சாது. கப்பி வளர்ப்பவர்கள் வேறெதையும் யோசிக்க வேண்டியதில்லை. பார்க்க அழகில்லை என்பது ஒன்றுதான் குறை. வாலிஸ்னேரியாவுக்குப் பின்னால் வைத்தால் மறைந்துவிடும்.

கார்பன் டை ஆக்சைடு ஏற்றுபவர்களுக்குக் குமிழி அடித்தால் ஏற்றியது வெளியேறும். அவர்களுக்குத் தொட்டி விளிம்பில் தொங்கும் ஹேங் ஆன் ஃபில்டர் அல்லது வெளியே நிற்கும் மூடிய டப்பாவான கேனிஸ்டர். வெளியே வரும் குழாய் மேற்பரப்பில் மெல்லிய அலை எழுப்பும்படி திருப்பி வையுங்கள். தண்ணீர் முகத்தில் எண்ணெய்ப் படலம் போல ஏதாவது தேங்கினால் அலை போதவில்லை.

ஓட்டம், மணிக்குத் தொட்டி அளவைப்போல 5 முதல் 8 மடங்கு. 55 லிட்டருக்கு 300 முதல் 450 லிட்டர். அட்டையில் போட்டிருப்பது மீடியா இல்லாத வெறும் மோட்டாரின் ஓட்டம். மீடியா நிரப்பி, நாலு வாரம் தூசு சேர்ந்தபின் அது கணிசமாகக் குறையும், ஆகவே சற்றுக் கூடுதல் திறனாகவே வாங்கலாம்.

படி 2: மீடியா

எல்லாவற்றிலும் முதல் இடம் சாதாரண ஸ்பாஞ்சுக்கு. ஓர் அங்குலத்தில் 20 முதல் 30 துளை உள்ள கருப்பு அல்லது நீல நுரை. தூசையும் பிடிக்கும், பாக்டீரியாவையும் குடிவைக்கும், பிழிந்தால் சுத்தமாகும், ஆண்டுக்கணக்கில் உழைக்கும். ஒரே மீடியாதான் போட முடியும் என்றால் இதைத்தான் போடுவேன்.

செராமிக் வளையம், லாவா கல், பியூமிஸ் கல் மூன்றும் நல்லவை. இவற்றுக்குள் இருக்கும் கண்ணுக்குத் தெரியாத நுண்துளைகளையும் சேர்த்துத்தான் அந்தப் பெரிய சதுர மீட்டர் எண்ணைப் போடுகிறார்கள். ஆனால் பயோஃபிலிமுக்குள் ஆக்சிஜன் ஒரு மில்லிமீட்டரில் சிறு பங்கு ஆழம்தான் இறங்கும். நுண்துளைகளோ படலத்தாலும் தூசாலும் சில மாதத்தில் அடைந்துவிடும். வேலை நடப்பது பெரும்பாலும் வெளிப்பரப்பில்தான். உள்ளே ஆக்சிஜன் இல்லாத இடத்தில் நைட்ரேட் குறைக்கும் பாக்டீரியா வளரும் என்று விளம்பரம் செய்வார்கள். செடிக்கு நாமே நைட்ரேட் உரம் வாங்கி ஊற்றுகிற தொட்டியில் அது எதற்கு?

கைச்செலவு குறைக்க வேண்டுமானால், பூச்சில்லாத உடைந்த மண்சட்டிச் சில்லைக் கழுவிப் போடலாம். லாவா கல்லோ வேறு கல்லோ வெளியிலிருந்து எடுத்தால் ஒரு சொட்டு வினிகர் விட்டுப் பாருங்கள். நுரைத்தால் சுண்ணாம்பு இருக்கிறது, தண்ணீரைக் கடினமாக்கும். பவளத் துண்டும் அப்படியே. போர் தண்ணீர்க்காரர்கள் அதைத் தொடவே வேண்டாம், ஆர்.ஓ. தண்ணீர்க்காரர்களுக்கு ஒரு கைப்பிடி உதவும், காரணம் படி 4-ல்.

நுண் தூசுக்கு வெள்ளைப் பஞ்சு. தலையணைக்கு அடைக்கும் பாலியஸ்டர் பஞ்சும் அதே பொருள்தான், வாசனையோ மருந்தோ ஏற்றாததாகப் பார்த்து வாங்குங்கள். பாத்திரம் தேய்க்கும் ஸ்க்ரப்பர் வேண்டாம், கிருமிநாசினி ஏற்றியவை அதில் உண்டு.

ஆக்டிவேட்டட் கார்பன் அம்மோனியாவை எடுக்காது. மருந்து போட்டு முடித்தபின் மிச்சத்தை உறிஞ்சவும், மரக்கட்டை விடும் மஞ்சள் சாயத்தை எடுக்கவும் சில வாரம் போடலாம். ஜியோலைட் என்ற கனிமக் கல் அம்மோனியத்தைப் பிடித்துக்கொள்ளும். செடிக்கும் பாக்டீரியாவுக்கும் போக வேண்டியதை அது தின்னும், உப்பு போட்டால் பிடித்ததைத் திரும்ப விடும். அவசரத்துக்குத் தவிர வேண்டாம்.

படி 3: அடுக்குவது

தண்ணீர் நுழையும் பக்கம் பெருந்துளை ஸ்பாஞ்ச், அடுத்து நுண் ஸ்பாஞ்ச், அதன்பின் வளையமோ கல்லோ, கடைசியில் பஞ்சு. பெரும்பாலான கேனிஸ்டர்களில் தண்ணீர் அடியிலிருந்து மேலே ஏறும், ஆகவே பெருந்துளை ஸ்பாஞ்ச் அடித்தட்டில். தொட்டிக்கு மேலே வைக்கும் டாப் ஃபில்டரில் தலைகீழ். வரிசை தப்பினால் வளையங்களின் மேல் சேறு படிந்து பாக்டீரியா மூச்சு முட்டும். பஞ்சை அமுக்கித் திணிக்காதீர்கள்.

படி 4: தண்ணீர்

குழாய்த் தண்ணீரில் குளோரின் இருந்தால் கடையில் ஆன்டி குளோரின் என்று விற்கும் சோடியம் தயோசல்பேட் முறித்துவிடும். குளோரமைன் (குளோரினும் அம்மோனியாவும் சேர்ந்த கிருமிநாசினி) கலந்த தண்ணீரில் அதை முறித்தபின் கொஞ்சம் அம்மோனியா மிஞ்சும், பழகிய தொட்டி அதைத் தாங்கும். போர் தண்ணீரில் குளோரின் இல்லை. ஆனால் நைட்ரேட் ஏற்கெனவே இருக்கலாம், ஒருமுறை டெஸ்ட் செய்து பாருங்கள். இந்தியக் குடிநீர்த் தரம் அனுமதிக்கும் வரம்பே லிட்டருக்கு 45 மி.கி.

ஆர்.ஓ. அல்லது மழைத் தண்ணீர் மட்டும் ஊற்றுபவர்கள் ஒன்றைக் கவனிக்க வேண்டும். பாக்டீரியா வேலை செய்யும்போது தண்ணீரின் காரத்தன்மையைத் தின்னும், 1 கிராம் நைட்ரஜனுக்குச் சுமார் 7 கிராம் கால்சியம் கார்பனேட்டுக்குச் சமம். நம் 1 கிராம் தீவனக் கணக்கில் லிட்டருக்கு 8 மி.கி. போகிறது. செடி நைட்ரேட்டை எடுக்கும்போது ஒரு பங்கு திரும்பி வரும், முழுவதும் வராது. காரத்தன்மை தீர்ந்தால் பி.எச். சரியும்; 6-க்குக் கீழே போனால் பாக்டீரியா வேலை மந்தமாகிவிடும். அந்த பி.எச்.-ல் எல்லாம் அம்மோனியமாக இருப்பதால் மீன் பிழைத்துக்கொண்டிருக்கும். பல மாதம் தண்ணீர் மாற்றாமல் இருந்துவிட்டு ஒருநாள் பி.எச். 8 உள்ள தண்ணீரைப் பாதிக்குப் பாதி ஊற்றினால், சேர்ந்து கிடந்த அம்மோனியத்தில் ஒரு பங்கு உடனே விஷமாகும். ‘தண்ணி மாத்தினேன், மீன் செத்துப்போச்சு’ என்று வருபவர்களில் பலரின் கதை இதுதான். இப்படிப்பட்ட தொட்டியில் நாளுக்குப் பத்து சதவீதமாக மாற்றுங்கள்.

படி 5: பழக்குவது

இதைத்தான் மீன்காரர்கள் ‘சைக்கிளிங்’ என்கிறார்கள். மீன் விடுவதற்கு முன் செடியை நடுங்கள், எவ்வளவு முடியுமோ அவ்வளவு. வேகமாக வளரும் ஹைட்ரில்லா, ஹார்ன்வொர்ட், மிதக்கும் செடி ஏதாவது ஒன்று கட்டாயம். பிறகு வேண்டாமென்றால் எடுத்துவிடலாம்.

அடுத்து, நோயில்லாத பழைய தொட்டி வைத்திருக்கும் நண்பரிடம் ஒரு ஸ்பாஞ்சைக் கேளுங்கள். ஈரத்தோடு கவரில் போட்டு, அன்றே உங்கள் ஃபில்டரில் வையுங்கள். தரமாட்டேன் என்றால் அவர் ஸ்பாஞ்சைப் பிழிந்த காவித் தண்ணீரையாவது வாங்கி உங்கள் ஃபில்டர் வாயில் ஊற்றுங்கள். எந்த பாட்டில் பாக்டீரியாவும் இதற்கு ஈடில்லை. பாட்டில்களில் சில, சேறு தின்னும் வேறு வகை பாக்டீரியா. அவை அம்மோனியாவை நைட்ரேட் ஆக்காது.

பாக்டீரியாவுக்குத் தீனி வேண்டும். அக்வாசாயில் என்ற சத்தேற்றிய செடி மண் போட்டிருந்தால் முதல் சில வாரம் அதுவே அம்மோனியா விடும், நீங்கள் எதுவும் சேர்க்க வேண்டாம். அளவு மிகுந்தால் தண்ணீர் மாற்றுங்கள். வெறும் மணல் தொட்டி என்றால் அம்மோனியம் குளோரைடு, அதாவது நவச்சாரம். பாத்திரத்துக்கு ஈயம் பூசுகிறவர்கள் வைத்திருக்கும் நவச்சாரத்தில் என்ன கலந்திருக்கும் என்று சொல்ல முடியாது. ரசாயனக் கடையில் ஆய்வகத் தரத்தில் வாங்குங்கள். லிட்டருக்கு 1 மி.கி. அம்மோனியா வர 3.1 மி.கி. போட வேண்டும். 55 லிட்டரில் லிட்டருக்கு 2 மி.கி. அளவுக்கு 0.35 கிராம்.

இரண்டு நாளுக்கு ஒருமுறை டெஸ்ட். அம்மோனியா இறங்கும், நைட்ரைட் ஏறும், பிறகு நைட்ரைட்டும் இறங்கும். அம்மோனியா பூஜ்யமானால் பாதியளவு மறுபடி சேருங்கள். நைட்ரைட் கட்டம்தான் நீளும். அடர்த்தியான செடியிருந்தால் நைட்ரைட் தலைகாட்டாமலே கடந்துபோகலாம், நைட்ரேட்டும் ஏறாமல் இருக்கலாம். டெஸ்ட் கிட் கெட்டுவிட்டதாக நினைக்க வேண்டாம். லிட்டருக்கு 1 மி.கி. சேர்த்து 24 மணி நேரத்தில் அம்மோனியா, நைட்ரைட் இரண்டும் பூஜ்யம் என்றால் தொட்டி தயார். பழைய ஸ்பாஞ்ச் இருந்தால் ஒரு வாரம், பத்து நாள். இல்லாமல் மூன்று முதல் ஆறு வாரம். 28–30 டிகிரி சூடு நமக்குச் சாதகம், ஹீட்டர் தேவையில்லை. நடுவில் தண்ணீர் பால்போல் கலங்கினால் அது மிதக்கும் வேறு பாக்டீரியா. தானாகத் தெளியும், ஃபில்டரைக் கழுவாதீர்கள்.

படி 6: மீன்

முதலில் நாலு கப்பி. ஒரு வாரம் கழித்து இன்னும் நாலு. பாக்டீரியாவின் எண்ணிக்கை தீனிக்கு ஏற்பத்தான் இருக்கும், ஒரே நாளில் பன்னிரண்டை விட்டால் அது எட்டிப்பிடிக்க நாளாகும். மீன் இருக்கும்போது நைட்ரைட் தெரிந்தால் தண்ணீர் மாற்றுவதோடு 55 லிட்டருக்கு 5 கிராம் கல்லுப்பு போடுங்கள். உப்பின் குளோரைடு, செவுள் வழியே நைட்ரைட் ரத்தத்தில் ஏறுவதைத் தடுக்கும். இந்த அளவு செடிக்குக் கெடுதல் செய்யாது.

படி 7: கழுவுவது

தேதி பார்த்துக் கழுவ வேண்டாம், ஓட்டம் பார்த்துக் கழுவுங்கள். குழாயில் வரும் தண்ணீர் கண்ணுக்குத் தெரியும்படி தளர்ந்தால் நாள் வந்துவிட்டது. வாராந்திரத் தண்ணீர் மாற்றத்தில் எடுக்கும் தொட்டித் தண்ணீரை வாளியில் வைத்து, அதில் ஸ்பாஞ்சை நாலைந்து தரம் பிழியுங்கள். தண்ணீர் டீ டிகாக்‌ஷன் நிறத்தில் கறுக்கும். சேறு போனால் போதும், ஸ்பாஞ்ச் புதிதுபோல் ஆக வேண்டியதில்லை. வளையங்களை வாளியில் ஒரு அலசு அலசினால் போதும், அதுவும் ஆண்டுக்கு ஓரிரு முறை. பஞ்சை மட்டும் தூக்கி எறிந்து புதிது வைக்கலாம். அந்த வாளித் தண்ணீரைப் பூச்செடிக்கு ஊற்றுங்கள்.

ஃபில்டர் கழுவும் நாளில் மண்ணைக் கிளறுவது, செடியைப் பெரிதாக வெட்டுவது இரண்டும் வேண்டாம். மீடியாவைத் தொட்ட அளவுக்கு மோட்டாரைத் தொடுபவர்கள் குறைவு. மோட்டாரில் சுழலும் சிறு விசிறியான இம்பெல்லரிலும் குழாயின் உள்சுவரிலும் படியும் வழுவழுப்பு ஓட்டத்தை வெகுவாகக் குறைக்கும். அதைப் பிரஷ் போட்டுத் தேய்த்தால் பாதிப் பேருக்கு மீடியாவைக் கழுவவே தேவைப்படாது.

மின்வெட்டு

மின்சாரம் போனால் ஸ்பாஞ்ச் ஃபில்டருக்குப் பெரிய ஆபத்தில்லை, அது தொட்டித் தண்ணீருக்குள்ளேயே நிற்கிறது. மூடிய கேனிஸ்டர் அப்படியல்ல. உள்ளே இருக்கும் கொஞ்ச ஆக்சிஜனைப் பாக்டீரியா தின்று தீர்த்துவிடும். சில மணி நேரம் நின்றுவிட்டால், மின்சாரம் வந்ததும் தானாக ஓடவிடாமல் பிளக்கைப் பிடுங்கி, மூடியைத் திறந்து முகர்ந்து பாருங்கள். அழுகிய முட்டை நாற்றம் இருந்தால் அந்தத் தண்ணீரைக் கொட்டி, மீடியாவைத் தொட்டித் தண்ணீரில் அலசியபின் ஓட்டுங்கள். பாக்டீரியாக் கூட்டம் அதற்குள் முழுக்கச் செத்திருக்காது. மீனைக் கொல்வது அந்த நாறிய தண்ணீர்தான். இன்வெர்ட்டர் இல்லாத வீட்டில், மின்சாரம் போனதும் தானாக ஓடும் பேட்டரி ஏர் மோட்டார் ஒன்று கட்டாயம் இருக்கட்டும். இரவில் செடியும் ஆக்சிஜன் தின்பதால், மின்சாரம் மிச்சம் பிடிக்க ஃபில்டரை டைமரில் போட்டு இரவில் நிறுத்துவதும் கூடாது.

மருந்து

ஆன்டிபயாடிக், மெத்திலீன் புளூ இரண்டும் பயோஃபிலிமைப் பாதிக்கக்கூடியவை. மெத்திலீன் புளூ செடியையும் கெடுக்கும். நோய்ப்பட்ட மீனை வேறு தொட்டிக்கு மாற்றித்தான் மருந்து போட வேண்டும். அந்தத் தொட்டிக்கும் பழகிய ஃபில்டர் வேண்டுமே என்பதற்காக, பிரதான தொட்டியில் எப்போதும் ஒரு ஸ்பாஞ்ச் கூடுதலாக ஓடிக்கொண்டிருக்கட்டும். மருந்து பட்ட ஸ்பாஞ்சைத் திரும்ப உள்ளே கொண்டுவர வேண்டாம். அதை எறிந்துவிட்டு, அந்த இடத்தில் புதிய ஸ்பாஞ்ச் ஒன்றைப் பழக விடுங்கள்.